வரட்சி ஆண்டில் முதல் நீர் யாருக்கு?

இரணைமடு விவசாயியின் கேள்வியும் எமது கிணறுகளும்

காலபோக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் கிளிநொச்சியில் கூடும்போது, அங்கு வந்திருக்கும் விவசாயி முதலில் அறிய விரும்புவது ஓர் எண்ணை. இரணைமடுக் குளத்தில் இன்று எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பதே அது. குளம் நிறைந்தால் 36 அடி. அந்த அளவைக் கொண்டே இவ்வாண்டு எத்தனை ஏக்கருக்கு நீர் கொடுக்கலாம் என்று முடிவு செய்யப்படுகின்றது. யாருடைய வயலில் விதை விழும், யாருடைய வயல் தரிசாகக் கிடக்கும் என்பதும் அதைப் பொறுத்ததே.

இந்த விவசாயி 2010ஆம் ஆண்டிலிருந்து அரசிடம் ஒரு கோரிக்கையை வைத்து வருகிறார். குளத்து நீரை வேறொரு தேவைக்குப் பங்கிட எண்ணினால், மழை பொய்த்த ஆண்டில் முதல் உரிமை யாருக்கு என்பதை விவசாயிகளோடு பேசி முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். யாழ்ப்பாணத்திலுள்ள பலர் இதனைத் தமக்கு எதிரான கோரிக்கையாகப் புரிந்துகொண்டார்கள். ‘குடிக்கத் தண்ணீர் தர மறுக்கிறார்கள்’ என்ற பேச்சு, கடல் கடந்து எம்மவர் வாழும் நகரங்களிலும் கேட்டது. நாம் அவ்வாறு கருதவில்லை. இக்கோரிக்கையின் நியாயத்தையும், யாழ்ப்பாணத்தின் தாகத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறில்லாத நாடு

முதலில் யாழ்ப்பாணத்தின் நிலையைப் பார்ப்போம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்ற பெயருக்கு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். அந்த நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளின் கீழ் உள்ள நிலத்தடி நீர்த்தேக்கங்களே எமது கிணறுகள் அனைத்துக்கும் மூலம்.

இந்நீர்த்தேக்கத்தின் தன்மையை அறியாதவர் அதை வற்றாத ஊற்றென்று எண்ணுவர். நிலாவரைக் கிணற்றைப் பார்த்து வளர்ந்த எமக்கு அவ்வெண்ணம் ஏற்படுவது இயல்பு. ஆயினும் கரையோரப் பாறைகளில் நன்னீர், கனமான உவர்நீரின் மேல் மிதந்து கொண்டே நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலின் பொது விதி. அளவுக்கு மீறி இறைத்து மேலே 1 அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் பல அடி ஏறிவிடும். ஒருமுறை உவராகிய கிணறு மீண்டும் நன்னீராகப் பல மாரிகள் செல்லும்.

துலா மிதித்து, பட்டையால் இறைத்த காலத்தில் மனிதரின் உடல் வலிமையே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. 1950களின் பின்னர் மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரங்கள் தோட்டந்தோறும் வந்தன. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்த காலம் அது. நீர் இறைப்பு பெருகியதும், இரசாயன உரம் தாராளமாக இடப்பட்டதும் அதே காலத்தில்தான். அவ்வுரத்திலிருந்தும், கிணற்றுக்கு அருகே வெட்டப்பட்ட மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலந்தது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்தில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் பலவற்றை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பாற்புட்டியில் நீர் கலந்து குடிக்கும் கைக்குழந்தைக்கே இதனால் முதல் ஆபத்து.

இவற்றோடு சுன்னாகத்தில் நிகழ்ந்ததும் சேர்ந்தது. அங்கிருந்த மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றயல் கிணறுகளில் கலந்த விடயம் 2014, 2015 ஆண்டுகளில் பெரும் போராட்டமாக வெடித்தது. 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம், அந்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரவேற்கத்தக்கதே. ஆயினும் எண்ணெய் மிதந்த கிணற்றை எந்தத் தீர்ப்பும் உடனே தூய்மையாக்கிவிடாது. ஆகவே, யாழ்ப்பாணத்தின் தாகம் எவரும் இட்டுக்கட்டிய ஒன்றன்று.

கணக்கில் சரி, வரட்சியில் பிழை

இந்தத் தாகத்துக்கு மருந்தாகவே 2010இல் யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி ஒப்புதல் அளித்தது. பிரான்சின் அபிவிருத்தி முகவரகமும், விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியமும் இதில் பங்கு கொண்டன. இரணைமடு அணைக்கட்டை உயர்த்தி, அதன் வாய்க்கால்களைத் திருத்தி, அக்குளத்திலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்வதே திட்டம்.

தாளில் இக்கணக்கு அழகாகவே இருந்தது. குளத்தின் மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தினால், கொள்ளளவு ஏறத்தாழ 131 மில்லியன் கன மீற்றரிலிருந்து 148 மில்லியன் கன மீற்றராகக் கூடும். கூடுவது 17 மில்லியன். நாளுக்கு 27,000 என்றால் ஆண்டுக்கு யாழ்ப்பாணம் கேட்பதோ 10 மில்லியனுக்கும் சற்றுக் குறைவு. புதிதாகக் கிடைக்கும் நீரிலிருந்தே குடிநீரைக் கொடுத்து, விவசாயிக்கும் மிச்சம் வைக்கலாமே என்று திட்டமிட்டவர்கள் கேட்டார்கள்.

விவசாயியின் பதில் எளிமையானது. அணையை உயர்த்தலாம், மழையை உயர்த்த முடியாது. குளம் நிறையும் ஆண்டில் மேலதிக 2 அடியில் நீர் நிற்கும். நிறையாத ஆண்டில் அந்த 2 அடி வெறும் காற்றே. ஆனால் நகரத்துக்கு நீர் கொண்டு செல்லும் குழாய்க்கு நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்ற வேறுபாடு கிடையாது. அதற்கு நாளாந்தம் அதே 27,000 கன மீற்றர் வேண்டும். வரட்சி கூடக்கூட நகரத்தின் கிணறுகள் வற்றி, அதன் தேவையும் கூடும். குழாய் ஒருமுறை இணைக்கப்பட்டால், நெருக்கடி வந்த நாளில் குழந்தையின் குடிநீருக்கும் நெற்பயிருக்கும் இடையே எதை நிறுத்துவது என்ற கேள்வி எழும். அக்கேள்வியில் பயிர் தோற்றுவிடும் என்பது விவசாயிக்குத் தெரியும். அது நியாயமாகவே தோற்கும் என்பதையும் அவர் அறிவார். ஆகவேதான் அந்த நாள் வருமுன்னரே ஒழுங்கு வேண்டுமென்கிறார்.

இழப்பின் அளவையும் சிறிது பார்ப்போம். சிறுபோக நெல்லுக்கு ஏக்கரொன்றுக்குக் குளத்திலிருந்து 5 ஏக்கர் அடி நீர் வேண்டுமென்று கொண்டால், யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஓராண்டு நீர் ஏறத்தாழ 1,600 ஏக்கர் வயலுக்குப் போதுமானது. இரணைமடுவின் கீழுள்ள மொத்த வயல் ஏறத்தாழ 21,000 ஏக்கர். அதோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்காகத் தோன்றும். ஆனால் சிறுபோகத்தில் அந்த 21,000 ஏக்கரும் செய்கை பண்ணப்படுவதில்லை. நீர் குறைந்த ஆண்டில் விதைக்கப்படும் பரப்பு சுருங்கச் சுருங்க, குழாய் எடுக்கும் பங்கின் விகிதம் பெருகிக்கொண்டே போகும். இந்த இழப்பு எல்லோர் மீதும் சமமாக விழுவதுமில்லை. வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவரே முதலில் நீரை இழப்பார்.

2016 இறுதியில் வடகீழ்ப் பருவமழை பொய்த்தது. அதைத் தொடர்ந்து 2017இல் இலங்கை, 40 ஆண்டுகளில் காணாத வரட்சி என்று சொல்லப்பட்ட நிலையை எதிர்கொண்டது. அவ்வாறான ஓர் ஆண்டில் குழாயும் இணைந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று கிளிநொச்சி விவசாயி கேட்பதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

அந்த வயல்கள் யாருடையவை?

‘வன்னியான் தண்ணீர் தரமாட்டான்’ என்று பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கிளிநொச்சியின் குடியேற்றங்கள் 1930களில் யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தீர்க்கவே தொடங்கப்பட்டவை. குடாநாட்டில் ஒரு பரப்புக் காணியும் இல்லாதவர்கள், காடு வெட்டி, மலேரியாவோடு போராடி, உருத்திரபுரம், கணேசபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை, பரந்தன் ஆகிய ஊர்களின் வயல்களை உருவாக்கினார்கள். பின்னர் 1977இன் இனவன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும் வன்னியில் அடைக்கலம் புகுந்தன. அவர்களுள் பலர் காணி உறுதியற்ற கூலி விவசாயிகளாகவே நெடுங்காலம் இருந்தனர். யாழ்ப்பாணம் யாருக்கு நிலம் கொடுக்கவில்லையோ, அவர்களே இன்று இரணைமடுவின் கீழ் இருப்பவர்களில் பெரும் பங்கினர். இப்போது அவர்களது நீரையும் கேட்கிறது என்ற மனக்குறை அங்கே உண்டு. அதைப் பேசாமல் மூடிவைப்பதால் நன்மை இல்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்தபோது, அந்த மழை இரவை அனுபவித்தவர்கள் இப்பத்திரிகையை வாசிப்போருள் பலர். தென்மராட்சியில் தங்கி, பின் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குச் சென்றவர்களுக்கு நிழல் தந்தது யாருடைய வளவு என்பதையும், தாகத்துக்கு நீர் அள்ளித் தந்தது யாருடைய கிணறு என்பதையும் அவர்களே அறிவர். அந்தக் கடனை நினைவில் கொண்டு இந்த வழக்கைப் பார்க்க வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது 2010 இறுதியில். இறுதிப்போர் முடிந்து, மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்டு, அப்போதுதான் கிளிநொச்சிக் குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. உழவு இயந்திரம் இல்லை, விதைநெல் இல்லை. வீட்டில் உழைக்கும் ஆண் இல்லாத குடும்பங்கள் ஏராளம். மெனிக் பாம் முகாம் முற்றாக மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில்தான். தமது குளத்தைப் பற்றி எடுக்கப்பட்ட இவ்வளவு பெரிய முடிவில் அம்மக்கள் சம பங்காளிகளாக அமர்ந்து பேசும் நிலையில் அன்று இருந்தார்களா? பின்னாளில் எழுந்த எதிர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கடல்நீரில் முடிந்த வழக்கு

2013 செப்டெம்பரில் வட மாகாண சபை தெரிவு செய்யப்பட்ட பின்னர் இவ்வழக்கு அரசியல் அரங்குக்கு வந்தது. விவசாயிகளின் ஐயங்கள் அங்கு எடுத்துரைக்கப்பட்டன. நிபுணர் கருத்துகள் கேட்கப்பட்டன. நீண்ட இழுபறியின் பின் இரணைமடு நீரை எடுக்கும் எண்ணம் பின்தள்ளப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நிறுவப்பட்ட ஆலை 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை உற்பத்தி செய்யக்கூடியதாக அது அமைக்கப்பட்டுள்ளது.

குடிநீருக்கு இது ஒரு தீர்வே. மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இம்முறையில் ஒரு கன மீற்றர் நன்னீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். ஆலை முழு அளவில் இயங்கினால் நாளொன்றுக்கு 72,000 முதல் 96,000 அலகு வரை வேண்டும். 2022இல் எண்ணெய் வாங்கப் பணமின்றி இருளில் மூழ்கிய ஒரு நாட்டில், குடிநீரை மின்சாரத்தோடு கட்டி வைத்திருக்கிறோம். வெளியேறும் செறிந்த உவர்நீர் தமது கடற்பரப்பைப் பாதிக்கும் என்று மருதங்கேணிப் பகுதி மீனவர்கள் எழுப்பிய கவலையும் உண்டு. வயல் செய்பவரிடமிருந்து நகர்ந்த சுமை, வலை வீசுபவரின் தோளில் இறங்கியிருக்கிறது.

விவசாயியின் கேள்விக்கு இதனால் விடை கிடைத்ததா என்றால், இல்லை. கடல்நீர் ஆலையின் நீரை இறைத்து எவரும் வெங்காயம் செய்ய முடியாது. அதன் செலவு தாங்காது. குடாநாட்டு விவசாயி இன்றும் அதே சுண்ணக்கற் பாறையின் நன்னீரையே நம்பி நிற்கிறார். இரணைமடு விவசாயியோ, அடுத்த வரட்சியில் அதே பழைய திட்டம் மீண்டும் தூசி தட்டப்படுமோ என்ற அச்சத்தோடு இருக்கிறார். முதல் உரிமை பற்றிய ஒழுங்கு இல்லாதவரை அந்த அச்சம் நீங்காது.

இது எமக்கு மட்டும் உரிய சிக்கலன்று. காவிரியை எடுத்துக்கொள்வோம். 2007இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புக் கூறியது. 2018 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய நீரை ஆண்டுக்கு 177.25 ரி.எம்.சி. என்று நிர்ணயித்தது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் அணைகள் நிரம்பி வழிய, எவரும் அந்த எண்ணை நினைப்பதில்லை. 2023இல் தென்மேற்குப் பருவமழை குறைந்தவுடன் வழக்கும் கடையடைப்பும் மீண்டும் வந்தன. பங்கீட்டின் உண்மையான சோதனை பற்றாக்குறை ஆண்டிலேதான் என்பதற்குத் தஞ்சை விவசாயியை விடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. அங்கே இரு மாநிலங்கள், இரு மொழிகள், நீதிமன்றங்கள். இங்கே இரு மாவட்டங்கள், ஒரே மக்கள். இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் ஓர் உடன்பாட்டை எழுத முடியாவிட்டால், அது அரசின் குறையும் எமது தலைமைகளின் குறையும் ஆகும்.

கேட்காமல் எடுக்கும் முடிவுகள்

அரசிடம் அதிகாரம் இல்லாமலில்லை. வேண்டியபோது ஒரே நாளில் முடிவெடுக்க அதனால் முடிகின்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையை எடுத்துக்கொள்ளுங்கள். எமது நிலத்தடி நீரின் நிலையைப் பார்த்தால், உரத்தைக் குறைப்பது வேண்டியதே. ஆயினும் விவசாயியைக் கேட்காமல், மாற்று வழி எதுவும் கொடாமல், இரவோடிரவாக அதைச் செய்தார்கள். விளைச்சல் விழுந்தது; அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். அடுத்து 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தோட்டத்துக்கு இறைப்பவர்களையும் சிறு படகுகளில் தொழில் செய்பவர்களையும் ஒரே அடியில் வீழ்த்திய முடிவு அது.

வெள்ளத்திலும் இதே கதை. 2018 டிசெம்பரில் பெருமழை பெய்து இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சியில் வீடுகளும் வயல்களும் மூழ்கின. ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்று அப்போது எழுந்த கேள்வி விசாரணை வரை சென்றது. மழை பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் வரட்சி. இரண்டிலும் குளத்தின் கீழ் வாழ்பவருக்குத் தகவலும் இல்லை, குரலும் இல்லை என்பதே அவர்களது முறைப்பாடு.

நிர்வாகத்தின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். இரணைமடுக் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. குழாய்நீரோ கொழும்பின் கீழுள்ள தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. கடன் ஒப்பந்தம் எழுதுவது மத்திய அரசு. இம்மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரக்கூடிய மக்கள் பிரதிநிதிகளின் இடம் மாகாண சபை. அச்சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன்பின் ஆண்டுக் கணக்கில் தேர்தல் நடத்தாமல், ஆளுநரின் கையிலேயே மாகாணத்தை விட்டுவைத்தார்கள். குளம் யாருடையது என்று கேட்கும் விவசாயிக்கு, மனுக் கொடுக்க அலுவலகங்கள் உண்டு. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவருமில்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, எழுத்திலான ஒழுங்கு. காலபோகம் முடியும் வேளையில் குளத்தில் இத்தனை அடி நின்றால் இத்தனை ஏக்கர் சிறுபோகம், அதற்குக் குறைந்தால் இத்தனை, அதற்கும் குறைந்தால் குடிநீர் மட்டும் என்று படிப்படியாக வகுத்து, எல்லோரும் காணும்படி அறிவிக்க வேண்டும். குடிநீருக்காகப் பயிரை நிறுத்தும்படி கேட்கப்படும் ஆண்டில், அந்த விவசாயிக்கு இழப்பீடு எவ்வளவு, அதை யார், எந்நாளில் கொடுப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். நீரைப் பெறும் நகரமே அதைக் கொடுப்பது நீதி. கமக்காரர் அமைப்புகளின் கையொப்பமின்றி அவ்வொழுங்கை மாற்ற முடியாது என்ற விதியும் வேண்டும்.

இரண்டாவது, கடலுக்குப் போகும் நீர். கனகராயன் ஆற்றின் மாரி வெள்ளம் இரணைமடுவைத் தாண்டி ஆனையிறவுக் கடனீரேரியில் வீழ்கின்றது. அவ்வேரியை நன்னீராக்கி, முள்ளியான் ஊடாக ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்கு நீரைக் கொண்டுவந்து, குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பெருக்கலாம் என்று பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த திட்டம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பெயர் பெற்றது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. வாய்க்கால் முற்றுப்பெறவில்லை, அணைகள் பழுதடைந்தன, போர் வந்து மிச்சத்தையும் மறக்கச் செய்தது. ஏரியை நம்பி இறால் பிடிப்போரின் நிலையையும், இன்றைய கடல் மட்டத்தையும் கணக்கில் கொண்டு அத்திட்டத்தை மீண்டும் ஆராய வேண்டும். வயலுக்குப் பாய வேண்டிய ஒரு துளியையும் கேளாத திட்டம் அது என்பதே அதன் சிறப்பு.

மூன்றாவது, சிறிய வேலைகள். குடாநாட்டின் நூற்றுக்கணக்கான குளங்களையும் கேணிகளையும் தூர்வாரினால், மழைநீர் பாறைக்குள் இறங்க வழி கிடைக்கும். இரணைமடுவின் கடைசி வாய்க்கால் வரை நீர் வீணாகாமல் செல்லும்படி திருத்திப் பேணினால், அதே நீர் மேலும் பல ஏக்கருக்குப் போதும். இவற்றுக்குப் பெரிய கடன் வேண்டியதில்லை. திறப்பு விழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் இவற்றில் இடம் குறைவு என்பதாலேயே இவை நடக்காமல் இருக்கின்றன போலும்.

எமது பங்கு

புலம்பெயர்ந்து வாழும் நாம் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். எமது பணத்தில் ஊரில் எழும் வீடுகளைப் பாருங்கள். முற்றம் முழுவதும் சீமெந்து. மழைநீர் ஒழுங்கைக்கு ஓடிப் போகின்றது. இருந்த கிணறு போதாதென்று ஆழமாக ஒரு குழாய்க்கிணறு, மேலே நீர்த்தாங்கி, மூன்று குளியலறை. ஆண்டுக்கு மூன்று வாரம் நாம் தங்கும் வீட்டுக்காக, அயலில் ஆண்டு முழுவதும் தோட்டம் செய்பவரின் கிணற்றை உவராக்குகிறோம். குளத்தை நிரவி விற்ற காணியை வாங்கியவர்களும் எம்மிடையே உண்டு. கோயில் கோபுரத்துக்கு மனமுவந்து அனுப்பும் எமது ஊர்ச் சங்கங்கள், அக்கோயிலின் கேணியைத் தூர்வார அனுப்பிய தொகை எவ்வளவு என்று தம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

புதிய வீடு கட்டுவோர் கூரைநீரைக் கிணற்றருகே ஒரு குழிக்குள் இறக்கலாம். முற்றத்தில் மண்ணை விட்டு வைக்கலாம். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி, கசியாதபடி அமைக்கலாம். பிரான்சில் வரி செலுத்தும் எம்மவர், தமது வரிப்பணமும் சேர்ந்த இத்திட்டத்தில் விவசாயிகளோடு செய்த உடன்பாடு எங்கே என்று தமது நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்கலாம். ஊரிலுள்ள விவசாயி எழுதும் மனுவை விட, வாக்குரிமை பெற்ற எம்மவர் எழுதும் கடிதத்துக்கு அங்கே விரைவில் பதில் வரக்கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இதனை யாழ்ப்பாணத்தான், வன்னியான் என்று பிரித்துப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். அவ்வாறு பேசப்படும்வரை, பதில் சொல்லவேண்டிய அரசு நடுவராக நின்று எம்மை வேடிக்கை பார்க்கும். கிளிநொச்சி விவசாயி கேட்பது ஒரு கடதாசியில் எழுதி ஒப்பமிடக்கூடிய விடயம். அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு முன்னர் அதை எழுதுவதற்கு எந்த அணையும், எந்தக் கடனும் வேண்டியதில்லை. மழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்திருக்கும் ஓர் ஆண்டிலேயே அதை எழுதிவிட வேண்டும். குளம் வற்றிய ஆண்டில் எழுத உட்கார்ந்தால் எவரும் எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.